ஈயக்குட்டைத் தட்டான்

தட்டாம்பூச்சி பார்க்கக் கப்பலேறிப் போன கிழவி என்று எங்கள் தெருவில் என்னைச் சொல்கிறார்களாம். சொல்லட்டும். நான் போனது பூச்சி பார்க்க இல்லை. முப்பது வருஷமாக மலாய் நாட்டில் இருக்கும் என் தம்பி வைத்தியைக் கையோடு கூட்டிவரப் போனேன். அவனுக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. கடிதம் போட்டால் "இதோ வருகிறேன் அக்கா" என்று பதில் வரும், ஆள் வரமாட்டான். அம்மா போனபோது அவனுக்கு மூன்று வயது. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நேரில் போய் நின்றால் மாட்டேன் என்று சொல்லிவிடுவானா, பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் தனியாகக் கடல் தாண்டியதில்லை. நான் தாண்டினேன்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. நாற்பது வயதுக்கு மேல், என் நிலத்துப் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று எவனையும் கேட்டு நிற்கக்கூடாது என்பதற்காகக் கூட்டிக் கூட்டிப் படித்த எழுத்து. ஆகையால் மெதுவாகத்தான் சொல்வேன்.

கப்பல் சோற்றை நான் தொடவில்லை. அவலும் வெல்லமும் கொண்டுபோனதில் எட்டு நாளும் ஓடிவிட்டது. இறங்கிய இடத்தின் பெயர் வெள்ளைக்காரன் பெயர், வாயில் நுழையாது. அங்கே எல்லோரும் 'போர்ட்' என்றே சொல்கிறார்கள். முகாமில் சில நாள் வைத்திருந்து, அம்மை ஊசி குத்தி, கண்ணை இழுத்துப் பார்த்து, செவ்வாய்க்கிழமை காலையில் வெளியே விட்டார்கள். வாசலில் வைத்தி நின்றான். தலை முழுக்க வெள்ளை. விரல் பத்தும் நகத்தோடு கறுத்துக் கிடந்தது. கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். படம் கழுவுகிற மருந்தின் கறை, சோப்புப் போட்டாலும் போகாது என்றான்.

ரயிலில் கோலாலம்பூருக்குப் போனோம். வழியெல்லாம் ரப்பர் மரம். கயிறு பிடித்து நட்டது போல வரிசை வரிசையாக, ஒரு மரம்கூடத் தன் இஷ்டத்துக்கு நிற்கவில்லை. பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலித்தது. தண்ணீரை மட்டும் அந்த ஊரில் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் ஆற்றில் தண்ணீர் வருமா என்று ஆடி வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே தினம் மத்தியானம் கேட்காமலே மழை கொட்டுகிறது, ஒருவரும் அதைச் சட்டை செய்வதில்லை.

வைத்திக்குப் பிரிக்பீல்ட்ஸில் படம் பிடிக்கும் கடை. முன்னால் கடை, பின்னால் குடித்தனம். சுற்றிலும் ரயில்வே ஆட்களின் வீடுகள், யாழ்ப்பாணத்துக் கிளார்க்குமார்களும் நம் பக்கத்து ஆட்களுமாக. எதிரில் வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து "பசியாறியாச்சா?" என்று கேட்டார்கள். விருந்துக்குக் கூப்பிடுகிறார்களாக்கும் என்று முதல் நாள் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னேன். நாம் "சௌக்கியமா" என்கிற மாதிரிதான் அது என்று பிறகு தெரிந்தது. பக்கத்துச் சீனன் கடைக் கோப்பியைக் குடிக்கமாட்டேன் என்று இரண்டு நாள் வீம்பாக இருந்தேன். மூன்றாம் நாள் குடித்தேன். டின் பால் ஊற்றி, கறுப்பாக, கெட்டியாக இருந்தது. கெட்டதென்று சொல்ல மாட்டேன்.

கடைச் சுவரில் நிறையப் படங்கள் மாட்டியிருந்தான். தோட்டத்து ஆட்கள் ஊருக்கு அனுப்ப எடுத்துக்கொண்டவை. எல்லோருக்கும் பின்னால் ஒரே அரண்மனைத் திரை. உற்றுப் பார்த்தால் எல்லோர் உடம்பிலும் ஒரே கோட்டு, எல்லோர் காலிலும் ஒரே சப்பாத்து. வைத்திதான் போட்டுக்கொள்ளக் கொடுப்பானாம். இப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் ஒருத்தி மகன் துரையாகிவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது நினைவுக்கு வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

உள்ளறைச் சுவரில் மனிதர் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் தட்டான். சிவப்புத் தட்டான், பச்சைத் தட்டான், ஊசித் தட்டான் என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். படத்தில் எல்லாம் சாம்பல் நிறம்தான். ஆனால் இறக்கையின் நரம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. நாம் சின்ன வயதில் நூல் கட்டிப் பறக்கவிட்ட பூச்சிக்கு இவ்வளவு வேலைப்பாடா என்று எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "இதுக்காகத்தான் ஊருக்கு வராம இருந்தியா?" என்று கேட்டேன்.

பிறகு மெதுவாகச் சொன்னான். பூச்சிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிற ஒரு வெள்ளைக்காரத் துரை இருக்கிறாராம். இவன் படங்களில் பத்து அந்தப் புத்தகத்தில் வருகிறது, அடியில் இவன் பெயரோடு. ஆனால் துரை முக்கியமாகக் கேட்கிற படம் மட்டும் கிடைக்கவில்லை. கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட ஒரு பெரிய தட்டான். தண்ணீருக்குள் புழுவாக இருந்து, ஒரு நாள் காலையில் புல்லில் ஏறி, முதுகு வெடித்துக் கூட்டை விட்டு வெளியே வரும். அந்த நேரத்தில் அதைப் பிடிக்க வேண்டும். அந்தப் படம் இல்லாவிட்டால் மற்றப் பத்தையும் துரை வேறொருவரிடம் வாங்கிக்கொள்வார். அடுத்த வாரம் வியாழக்கிழமை துரை சீமைக்குக் கப்பல் ஏறுகிறார். சரியாக எட்டு நாள் இருந்தது.

"செத்ததை ஊசியில குத்தி வச்சு எடுத்தா என்ன?" என்றேன்.

"பொணத்தைப் படம் எடுக்கிற வேலை கடையிலயே நெறைய இருக்குக்கா. இது உசுரோட, அது இருக்கிற எடத்துலயே எடுக்கணும்" என்றான். பிறகு, "அடுத்த வியாழக்கிழமைக்குள்ள கிடைக்கலைன்னா கடையை மூடிட்டு உன்கூட வந்துடறேன். கிடைச்சா என்னை விட்டுடு. இது சத்தியம்" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தட்டான் நம் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள், இந்த வாரத்து வியாழக்கிழமை, விடியும்போதே என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். காஜாங் போகும் சாலையில் பஸ். ஓட்டுகிறவன் சீனன். அவனுக்குச் சாலையும் ஒன்று, பள்ளமும் ஒன்று. ஒரு வளைவில் பஸ் செம்மண் சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். என்னை உட்காரச் சொன்னார்கள். நானும் இறங்கித் தள்ளினேன். பஸ் அசையவில்லை, என் புடவைதான் சிவப்பாயிற்று. மீதித் தூரத்தை நடந்தோம். தோளில் முக்காலி, கையில் படம் பிடிக்கும் பெட்டி, கறுப்புத் துணி என்று வைத்தி முன்னால் போக, படம் பதிகிற கண்ணாடித் தகடு இருக்கும் பையோடு நான் பின்னால் போனேன்.

வழியில் ஒரு மலாய்க் கம்பம், கிராமத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தக் கம்பத்துப் பெரியவர் எங்களை நிறுத்தினார். மரியாதையாக வைத்தியிடம் ஏதோ கேட்டார், முகத்தில் மட்டும் கவலை. ஈயம் தோண்டுவதற்காக எங்கள் நிலத்தையும் அளக்க வந்தீர்களா என்று கேட்கிறார் என்று வைத்தி எனக்குச் சொன்னான். முக்காலியைப் பார்த்து சர்வே ஆட்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இல்லை, தட்டானைப் படம் பிடிக்க வந்தோம் என்று இவன் சொன்னதும் பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னார், கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "அளக்க வந்தவங்களே தேவலைன்னு சொல்றார்" என்றான் வைத்தி. அவர் வீட்டம்மாள் என் புடவையைப் பார்த்துவிட்டுக் காலலம்பத் தண்ணீர் ஊற்றி, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கில் தேங்காய் துருவிப் போட்டுக் கொடுத்தாள். எனக்கு அவள் பேச்சுத் தெரியாது, அவளுக்கு என் பேச்சுத் தெரியாது. வயிறு நிறைந்தது.

ஈயம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று குட்டையாகிவிடுகிறது. ஈயக்குட்டை என்கிறார்கள். சுற்றிலும் உப்பளம் மாதிரி வெள்ளை மணல், நடுவில் மயில்கழுத்து நிறத்தில் தண்ணீர், ஓரத்தில் கோரைப்புல். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் வேலை. பனியில் இறக்கை நனைந்து தட்டான்கள் புல்லில் பேசாமல் உட்கார்ந்திருக்கின்றன. நம் நிழல் மேலே விழக்கூடாது, புல் அசையக்கூடாது. ஒரு முழத்துக்குள் பெட்டியைக் கொண்டுபோய், துருத்தியை நீட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்கிறான். கொஞ்ச நேரம் கழித்து என்னையும் பார்க்கச் சொன்னான்.

துணிக்குள் ஒரு கண்ணாடி. அதில் ஒரு தட்டான் தலைகீழாகத் தொங்கியது. எலுமிச்சம்பழம் போல இரண்டு கண். மீசை மயிர் ஒவ்வொன்றிலும் ஒரு பனித்துளி. அந்தத் துளிக்குள்ளே குட்டை தெரிந்தது. அறுபத்திரண்டு வயதுவரை எத்தனையோ பார்த்துவிட்டேன் என்று இருந்தவள் நான். துணியிலிருந்து தலையை எடுக்க மனம் வரவில்லை. "போதும்கா, வெளிச்சம் போகுது" என்று அவன்தான் இழுத்தான்.

அன்றைக்குக் கூடு விடுகிற தட்டான் ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டு நாள் முழுக்க விடவில்லை. நான் ரசம் வைத்தேன். அந்த ஊர்ப் புளி வேறு ருசி.

சனிக்கிழமை கிடைத்தது. நாங்கள் போகும்போதே கோரையில் ஒன்று கூட்டை விட்டு வந்து, ஒரு விரற்கடை மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. இறக்கை ஈர வெங்காயச் சருகு மாதிரி பளபளத்தது. வைத்திக்கு ஒரே பரபரப்பு. முக்காலியை ஊன்றி, துணிக்குள் போய் எல்லாம் சரிபார்த்து, தகட்டுப் பையை மரத்தடியில் வைத்துவிட்டது நினைவு வந்து எடுக்க ஓடினான்.

நான் தட்டானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் காலடியில், சேறு ஒட்டி, முதுகு பிளந்து அந்தக் காலிக்கூடு பற்றிக்கொண்டிருந்தது. பார்க்கவே அபசகுனமாக இருந்தது. கன்று போட்டால் நஞ்சுக்கொடியை உடனே அப்புறப்படுத்துகிறோம். கல்யாணத்தில் படம் பிடிக்க வந்தால், தாலி அறுத்தவள் நான், யாரும் சொல்வதற்கு முன்னாலேயே ஒதுங்கிக்கொள்வேன். புதிதாகப் பிறந்ததற்குப் பக்கத்தில் செத்தது எதற்கு? இரண்டு விரலால் கூட்டை மெல்லக் கழற்றித் தண்ணீரில் விட்டேன். புல் அசையவில்லை, தட்டானும் அசையவில்லை. என் கை அவ்வளவு பக்குவம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வைத்தி ஓடிவந்து தகட்டைச் செருகினான். தகடு உள்ளே போய்விட்டால் கண்ணாடியில் பார்க்க முடியாது. கடியாரத்தையும் புல்நுனிக் காற்றையும் பார்த்துக்கொண்டே மூன்று படம் எடுத்தான். மூன்றாவது முடிந்ததும் தட்டான் பறந்துவிட்டது. வழியெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி பேசிக்கொண்டு வந்தான். பஸ்காரனுக்குக்கூடச் சொன்னான். தம்பி கைவிட்டுப் போகிறானே என்று எனக்கு நெஞ்சு கனத்தது. இருந்தாலும் அவன் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தேன்.

கடைக்கு வந்து இருட்டறையில் சிவப்பு விளக்கை ஏற்றினான். நான் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மருந்துக்குள் தகடு மெல்லக் கறுத்து, தட்டான் தெரிந்தது. நரம்பு நரம்பாக வந்தது. வைத்தி குனிந்தான். இரண்டாவது தகட்டைப் போட்டுப் பார்த்தான். மூன்றாவதையும் பார்த்தான்.

"கூடு எங்கக்கா?"

"நான்தான் எடுத்துப் போட்டேன். அது எதுக்கு அசிங்கமா?"

"இந்தக் கூட்டுலேருந்து இந்தத் தட்டான் வந்துதுன்னு காட்டத்தானேக்கா துரை கேட்டார். ரெண்டும் சேர்ந்து இருக்கணும். மொத நாளே சொன்னேனே."

சொன்னான்தான். கூட்டை விட்டு வந்த தட்டான் வேண்டும் என்றான். வந்துவிட்ட பிறகு கூடு எதற்கு என்றுதான் என் புத்திக்குப் பட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

"என்னைக் கப்பலேத்தவாக்கா எடுத்தே?" என்றான்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகக் கேட்டான். அதுவரைக்கும் என்னைப் பார்த்து ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். கூட்டைத் தொட்டபோது கப்பல் என் நினைவில் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் குட்டைக்குப் போகவில்லை. சாமான்களைப் பெட்டியில் அடுக்கினான். "வர்றேன்கா, சொன்ன சொல் சொன்னதுதான்" என்றான். நான் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவன் நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டான், என்னைக் குறை சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை கிள்ளானுக்குப் போனோம். அங்கே படம் பிடிக்கும் ஒரு சீனர் பல நாளாக வைத்தியின் நீளத் துருத்திப் பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அதை அவரிடம் கொடுத்துவிடத்தான் போனது. ரயிலடியில் ரிக்‌ஷாக்காரன் என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டு இரண்டில் ஒன்றைத்தான் இழுப்பேன் என்று கையை விரித்தான். பெட்டி ரிக்‌ஷாவில் போக, நாங்கள் பின்னால் நடந்தோம். கிள்ளான் ஆறு நம் ஊர் ஆறு மாதிரி மணல் காட்டுவதில்லை. காவி நிறத்தில் கரை முட்ட, சத்தமில்லாமல் போகிறது. ஆற்றோரத்தில் நம் ஆள் ஒருவர் இலை போட்டு நண்டுக் குழம்பு ஊற்றினார். நான் தொடமாட்டேன், வைத்திக்கு உயிர். அன்றைக்கு நண்டு அப்படியே இலையில் கிடந்தது.

சீனர் நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார். பெட்டியைப் பின்கட்டில் நிறுத்தி, அங்கிருந்த செம்பருத்திப் பூவுக்கு நேராக வைத்து, துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வைத்தி செடிப் பக்கமாக ஒதுங்கி நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது லேசாகக் காற்று வந்து பூ அசைந்தது. அவனுக்குத் தெரியாமலே அவன் இடது கை நீண்டு, பூவுக்குக் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டது. மூச்சையும் அடக்கிக்கொண்டான். பெட்டி அவனுடையதில்லை, படம் அவனுடையதில்லை. கை மட்டும் அங்கேயே நின்றது.

நான் எழுந்தேன். "பொட்டியை எடுத்து வை. வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"அக்கா, அவர்கிட்ட வாக்குக் கொடுத்தாச்சு."

"நான் பெரியவ சொல்றேன், எடுத்து வைடா."

சீனர் எங்கள் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பேச்சுப் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். தானே துருத்தியை மடக்கிப் பெட்டியை மூடி வைத்தியின் கையில் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது ஈயக்குட்டையில் இருந்தோம். கரையிலிருந்து தேடினால் கிடைக்காது என்று நான் புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். வைத்தி வேண்டாம் வேண்டாம் என்றான். சேறு கலங்காமல் நடக்க எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம், ஆள் வராத நாளில் நானே இறங்கி நடவு நட்டிருக்கிறேன். கோரை கோரையாகப் பார்த்துக்கொண்டு போனேன். அட்டை கடித்தது, கடிக்கட்டும் என்று விட்டேன். இடுப்பளவுத் தண்ணீரில், புளியங்கொட்டைக்குக் கால் முளைத்த மாதிரி ஒன்று மெல்லப் புல்லில் ஏறிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன்.

முக்காலியைத் தண்ணீரிலேயே ஊன்றினான். காற்று வரும் பக்கமாக நான் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதன் முதுகு கோடாகப் பிளந்தது. தலை வந்தது, கால் வந்தது. பாதி உடம்போடு பின்பக்கமாகச் சாய்ந்து, செத்தது மாதிரி தொங்கியது. போயிற்று என்றே நினைத்தேன். அப்புறம் ஒரே எக்காக எக்கி, தன் கூட்டையே பிடித்துக்கொண்டு மிச்ச உடம்பையும் உருவிக்கொண்டது. கசங்கிய துணி போல இருந்த இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. தோள் இற்றுவிடும் போல வலித்தது. வைத்தி "ஒன்னு, ரெண்டு" என்று எண்ணுவது மட்டும் கேட்டது. கூடு என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் தகட்டில் இரண்டும் சேர்ந்து வந்தன. புதன்கிழமை வைத்தி துரையிடம் கொடுத்துவிட்டு வந்தான். துரை நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தாராம். பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு எழுதிக்கொண்டாராம். இதைச் சொல்லிவிட்டு என் காலடியில் உட்கார்ந்து, "நான் உன்கூட வந்துடறேன்கா" என்றான். சத்தியம் அப்படி இல்லையே என்றேன். தெரியும், இருந்தாலும் வருகிறேன் என்றான். அன்றைக்குச் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பான். எனக்குத் தெரியும். அவனை அப்படிக் கூட்டிவர எனக்கு இஷ்டமில்லை.

மறுவாரம் போர்ட்டில் என்னைக் கப்பலேற்ற வந்தான். கூட்டத்தில் என் மூட்டையை மாற்றி மாற்றித் தோளில் வைத்துக்கொண்டு நின்றவன், "ஊர்ல கேட்டா என்னக்கா சொல்லுவே? அக்கா வந்து கூப்பிட்டும் வரலை, கல்நெஞ்சுக்காரன்னு பேசுவாங்களே" என்றான்.

"நீ வர்றேன்னுதான் நின்னே, நான்தான் வேணாம்னு விட்டுட்டு வந்தேன்னு சொல்றேன்" என்றேன்.

வந்ததும் அப்படித்தான் சொன்னேன். கூடப் பிறந்தவனைக் கண்காணாத சீமையில் விட்டுவிட்டு வந்தவள் என்று பங்காளிகள் என்னை ஏசினார்கள். இன்னும் ஏசுகிறார்கள். அவனை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.